ஒத்து ஊதினவர்கள்

ஒரு பெரிய வித்வான் கண்ணை மூடினதும் நம் நாட்டில் இரண்டு காரியங்கள் நடக்கின்றன. ‘இனி அந்த வாசிப்பு ஏது?’ என்று எல்லோரும் சேர்ந்து ஒரு பெருமூச்சு விடுகிறோம். பிறகு கதை சொல்ல ஆரம்பிக்கிறோம். பெருமூச்சு சில நாட்களில் அடங்கிவிடும். கதை அடங்குவதில்லை. அது வாய்க்கு வாய் வளர்ந்து, கடைசியில் வித்வானை மறைத்துக்கொண்டு தான் மட்டும் நிற்கும்.

திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை காலமானது 1956-ஆம் வருஷம் டிசம்பர் 12-ஆம் தேதி. அறுபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டன. அவரை நேரில் கேட்டவர்கள் இன்று விரல் விட்டு எண்ணும்படிதான் இருப்பார்கள். ஆனால் அவர் போட்டுக்கொண்ட கோட்டைப் பற்றியும், அவர் கோபத்தைப் பற்றியும், வாரி இறைத்த பணத்தைப் பற்றியும் தெரியாத ஆள் தஞ்சாவூர்ச் சீமையில் கிடையாது. இந்தக் கதைகளில் பாதி உண்மையாகவே இருக்கட்டும். எனக்கு அதில் தகராறு இல்லை. என் குறையெல்லாம், இத்தனை கதையிலும் ராஜரத்தினம் தன்னந்தனியாக நிற்கிறார் என்பதுதான். அவர் தனியாக நின்ற மனுஷர் அல்ல. ஒரு மேளத்தின் தலைவர் அவர். அந்த மேளம் எங்கே?

மேளம் என்றால் என்ன என்பதைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். கல்யாண மண்டபத்தில் பாட்டைப் போட்டுவிட்டுத் தாலி கட்டும் காலத்தில் பலருக்கு அது மறந்து போயிருக்கும். பெரிய மேளம் என்று நம் பக்கத்தில் சொல்வது இரண்டு நாயனம், இரண்டு தவில், ஒரு ஒத்து, ஒரு தாளம். முதல் நாயனக்காரர் பெயரில் மேளம் அழைக்கப்படும். இரண்டாம் நாயனம் அவரோடு சேர்ந்தும், விட்ட இடத்தில் எடுத்தும், அவர் மூச்சு வாங்கும்போது இசை அறுந்து போகாமல் காத்தும் வாசிக்கும். தவில் என்பது தாளக் கணக்கு மட்டும் அல்ல. நாயனக்காரருக்குச் சமமாக எதிரே நின்று பேசும் ஆள் தவில்காரர். ஒத்துக்காரர் ஒரே ஒரு ஸ்வரத்தை இரவு முழுவதும் ஊதிக்கொண்டிருப்பார். தாளக்காரர் கையில் ஜாலராவோடு எல்லோருக்கும் அடியில் தரையைப் போலக் கிடப்பார்.

இந்தக் கடைசி இரண்டு பேரைப் பற்றித் தமிழ் பாஷை என்ன சொல்கிறது என்று பாருங்கள். சொந்த அபிப்பிராயம் இல்லாமல் பிறர் சொன்னதற்கெல்லாம் ஆமாம் போடுகிறவனை ‘ஒத்து ஊதுகிறான்’ என்கிறோம். முகஸ்துதி செய்கிறவனை ‘ஜால்ரா அடிக்கிறான்’ என்கிறோம். மேளத்தில் இல்லாவிட்டால் மேளமே நடக்காத இரண்டு காரியங்கள் நம் வாயில் வசைச் சொற்களாகிவிட்டன. ஒரு ஸ்வரத்தைச் சலனமில்லாமல் இரவெல்லாம் நிறுத்திப் பிடிப்பது எத்தனை கடினம் என்பது மூச்சைக் கட்டிப் பார்த்தவனுக்குத்தான் தெரியும். தலைவனைக் கொண்டாடத் தெரிந்த நமக்குக் கூட்டத்தைக் கொண்டாடத் தெரியவில்லை என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

எங்கள் வேதாரண்யத்தில் அம்பாளுக்கு யாழைப் பழித்த மொழியாள் என்று பெயர். அவள் பேச்சின் இனிமையைக் கேட்ட ஸரஸ்வதி தன் வீணையைக் கீழே வைத்துவிட்டாளாம். அதனால்தான் இந்தக் கோயில் ஸரஸ்வதியின் கையில் வீணை இல்லை, சுவடி இருக்கிறது என்பார்கள். அழகான புராணம். ஆனால் நம் ஸங்கீத ரஸனை முழுவதையும் இந்த ஒரு புராணம் விளக்கிவிடுகிறது என்றும் தோன்றுகிறது. நமக்குக் குரல்தான் ராஜா. வாத்தியத்தை மெச்ச வேண்டுமானால் ‘பாடுகிறது’ என்கிறோம். அதற்கு மேல் பட்டம் கிடையாது.

ராஜரத்தினத்தை மெச்சியவர்கள் எல்லோரும் இதைத்தான் சொன்னார்கள்: அவர் நாயனம் பாடிற்று. அது பொய்யும் அல்ல. 1898-இல் திருமருகலில் பிறந்த அவர், முதலில் வாய்ப்பாட்டுத்தான் கற்றுக்கொண்டார். அம்மாசத்திரம் கண்ணுசாமிப் பிள்ளையிடம் நாகஸ்வரம் பயின்றது அதற்குப் பிறகு. பாட்டுக்காரனின் மூச்சும் கற்பனையும் அவர் வாத்தியத்துக்குள் போயின. ஆனால் ‘பாடிற்று’ என்று சொல்லும்போதே நாம் ஒரு விஷயத்தைத் தள்ளிவிடுகிறோம். பாடுவது ஒருவர் காரியம். மேளம் ஆறு பேர் காரியம். குரலை அளவுகோலாக வைத்துக்கொண்டவனுக்கு மற்ற ஐந்து பேர் கண்ணில் படமாட்டார்கள்.

அவர் செய்த சீர்திருத்தங்களைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். அதுவரை வழக்கில் இருந்தது திமிரி நாயனம். குட்டையானது, உயர்ந்த சுருதி, தெருவில் நாலு வீதிக்கும் கேட்கும். நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரியைக் கொண்டு அவர் பாரி நாயனத்தை உருவாக்கினார். குழல் நீண்டது, சுருதி தாழ்ந்தது, சுத்த மத்யமம் நன்றாகப் பேசிற்று. தோடிக்கு உயிர் கொடுக்கும் ஸ்வரங்களில் அந்த மத்யமம் ஒன்று என்பது ஸங்கீதம் தெரிந்தவர்களுக்குத் தெரியும். ஒரு வித்வான் தனக்கு வேண்டிய ராகத்துக்காக மரத்தையே மாற்றிக் கடைந்தெடுக்கச் சொன்னார் என்றால், அவர் கோபத்தைப் பற்றிய நூறு கதைகளைவிட அந்தக் கதைதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

மேடையில் உட்கார்ந்து வாசித்தார். பாட்டுக்காரர்களுக்குக் கிடைக்கும் மேடையும் மரியாதையும் நாகஸ்வரக்காரனுக்கும் உண்டு என்று வாதாடி வாங்கினார். ஒத்துக்குப் பதிலாகத் தம்பூராவை வைத்துக்கொண்டார். கிராப்பு வெட்டிக்கொண்டு கோட்டும் மாட்டிக்கொண்டார். 1940-இல் எல்லிஸ் ஆர். டங்கன் என்ற அமெரிக்கர் எடுத்த ‘காளமேகம்’ படத்தில் கவி காளமேகமாக நடித்தார். 1947-இல் சுதந்திரம் வந்தபோது திருவாவடுதுறை ஆதீனத்தின் சார்பில் டில்லிக்குப் போய் வாசித்தார்.

இவற்றையெல்லாம் டம்பம் என்று சொல்கிறவர்கள், அதற்கு முன் இருந்த நிலையை ஞாபகப்படுத்திக்கொள்ள வேண்டும். மேல் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, வெறும் உடம்போடு, மிராசுதாரர் ஊஞ்சலில் ஆடும்போது வாசலில் நின்று வாசித்தவர்கள் இந்த வித்வான்கள். வாய்ப்பாட்டுக்காரர் மேடையில் சமுக்காளத்தில் இருப்பார். அவரைவிடக் கூடுதலாக ராகம் தெரிந்தவர் பந்தல் காலுக்குப் பக்கத்தில் நிற்பார். அந்தக் கோட்டு ராஜரத்தினத்தின் உடம்புக்கு மட்டும் தைத்தது அல்ல. ஒரு குலத்தின் முதுகு நிமிர்வதற்குத் தைத்தது.

ஆனால் விமர்சகன் நன்றி சொல்வதோடு நிறுத்திவிட முடியாது. அந்த நிமிர்வுக்கு மேளம் என்ன விலை கொடுத்தது என்றும் கேட்க வேண்டியிருக்கிறது. இந்தக் கேள்வியைக் கேட்பதற்குக் கொஞ்ச தூரம் கடல் கடந்து போய்வர வேண்டும். தி. ஜானகிராமனின் ‘செய்தி’ என்ற சிறுகதையில் ஓர் ஐரோப்பிய சங்கீதக்காரர் நம் நாகஸ்வரத்தைக் கேட்டு உருகிப் போகிறார். அவர்கள் வந்து நம்மைக் கேட்டது போல, நாமும் ஒருமுறை போய் அவர்களைக் கேட்டால் என்ன?

அமெரிக்காவில் நியூ ஆர்லியன்ஸ் என்று ஒரு துறைமுகப் பட்டணம். அங்கே நீக்ரோ மக்களின் தெரு ஊர்வலங்களிலிருந்து வளர்ந்தது ஜாஸ். நம் நாயனத்தைப் போலவே நடந்துகொண்டே வாசித்த சங்கீதம் அது. ஒரு வித்தியாசம் உண்டு. நமக்கு நாகஸ்வரம் மங்கள வாத்தியம். சாவு வீட்டுக்குப் பெரும்பாலும் பறைமேளம்தான். அவர்களுக்கு அந்தப் பிரிவினை இல்லை. ஒரே கூட்டம் மெதுவான கீதம் வாசித்துக்கொண்டு மயானத்துக்குப் போகும், திரும்பும் வழியில் குதூகலமாக வாசித்துக்கொண்டு வரும். வாத்தியக்காரர்களை அவர்கள் முதல் வரிசை என்றார்கள். பின்னால் ஆடிக்கொண்டு வரும் ஜனங்களுக்கு இரண்டாம் வரிசை என்று பெயர் வைத்தார்கள். கேட்கிறவனுக்கும் அங்கே ஒரு பதவி இருந்தது.

கிங் ஆலிவர் என்பவர் அங்கே கார்னெட் வாத்தியத்தில் பெரிய தலைவர். 1922-இல் தமக்குப் பக்கத்தில் இரண்டாம் கார்னெட் வாசிக்க ஒரு பையனை வரவழைத்தார். அந்தப் பையன் லூயி ஆர்ம்ஸ்ட்ராங். குருவை மிஞ்சிய சிஷ்யன். 1923-இல் அவர்கள் இருவரும் சேர்ந்து வாசித்த இசைத்தட்டுகள் வந்தன. பக்கத்துக்கு மூன்று நிமிஷம்தான் கொள்ளளவு.

அம்மாதிரித் தட்டுகள் கடல் கடந்து லண்டனுக்குப் போயின. உலக யுத்தம் முடிந்த பிறகு, நியூ ஆர்லியன்ஸைக் கண்ணால் பாராத வெள்ளைக்காரப் பிள்ளைகள் சிலர் அவற்றைத் தேயத் தேயக் கேட்டு அந்தப் பழைய பாணியைக் கற்றுக்கொண்டார்கள். அவர்களில் ஒருவர் கிரிஸ் பார்பர். 1930-இல் பிறந்தவர், டிராம்போன் வாசிப்பவர். 1949-இல் கோஷ்டி ஆரம்பித்தார். 2019-இல் ஓய்வு பெற்றார். 2021 மார்ச் 2-ஆம் தேதி தொண்ணூறாவது வயதில் இறந்தார். ஏறக்குறைய எழுபது வருஷம் ஒரு மனிதர் ஒரு கூட்டத்தை நடத்தியிருக்கிறார். நம் ஊரில் ஒரு கூட்டுறவுச் சங்கம்கூட அத்தனை நாள் சண்டையில்லாமல் நடப்பதில்லை.

பார்பர் வித்தையில் ஆர்ம்ஸ்ட்ராங்குக்குச் சமானம் அல்ல. அவர் விசேஷம் வேறு. அவர் கோஷ்டிக்கு உலகப் புகழ் வாங்கித் தந்தது 1959-இல் பிரபலமான ‘பெத்தீத் ஃப்ளேர்’ என்ற இசைத்தட்டு. அதில் முன்னால் நிற்பது அவர் டிராம்போன் அல்ல. மான்டி ஸன்ஷைன் என்பவரின் கிளாரினெட். அதற்கு முன்னால், 1954-இல், அவர் கோஷ்டியில் பாஞ்சோ வாசித்த லானி டானெகன் ஒரு பழைய ரயில் பாட்டைப் பாடினார். பார்பர் தம் டிராம்போனைக் கீழே வைத்துவிட்டு, பின்னால் நின்று அடிச்சுருதிக்குப் பெரிய பிடில் மீட்டினார். அந்தப் பாட்டைக் கேட்டுத்தான் இங்கிலாந்து முழுவதும் பையன்கள் கிட்டார் வாங்கினார்கள். பிற்காலத்தில் பீட்டில்ஸ் என்று பேர் எடுத்தவர்கள் அந்தப் பையன்களில் சிலர். டிரம்பெட் வாசித்த பாட் ஹால்காக்ஸ் 1954 முதல் 2008 வரை 54 வருஷம் அதே கோஷ்டியில் இருந்தார். இந்தச் சங்கீதத்துக்கு வேர் யாரிடம் இருக்கிறது என்பதையும் பார்பர் மறக்கவில்லை. மட்டி வாட்டர்ஸ் போன்ற நீக்ரோ கலைஞர்களை 1958-இல் இங்கிலாந்துக்கு அழைத்துத் தம் மேடையில் வாசிக்க வைத்தார்.

ஆகவே பார்பரைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நாலு பேர் பெயரைச் சொல்லாமல் முடிக்க முடியாது. தலைவன் என்பவன் இடம் கொடுக்கிறவன். ஸரஸ்வதி வீணையைக் கீழே வைத்தது போல, மற்றொருவர் பாட வேண்டிய நேரத்தில் தன் வாத்தியத்தைக் கீழே வைக்கத் தெரிந்தவன்.

இந்த அளவுகோலை ராஜரத்தினத்திடம் கொண்டுவந்தால் என்ன ஆகும்? அவர் இடம் கொடுக்காதவர், தன்னையே முன்னால் நிறுத்திக்கொண்டவர் என்று கதைகள் சொல்லும். நான் அதை நம்பவில்லை. காரணம், அவர் யாரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டார் என்பதுதான். நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் தவிலுக்கு எதிரே நின்று வாசித்தவர் அவர். நீடாமங்கலத்தாரின் கை சாதாரணக் கை அல்ல. எந்த நாயனத்தையும் விழுங்கிவிடக் கூடிய கை. தன்னை மட்டும் நினைக்கிறவன் அப்படிப்பட்ட ஆளை அருகில் சேர்க்க மாட்டான். சுமாரான கையாகப் பார்த்து வைத்துக்கொள்வான். திருநெல்வேலிப் பக்கத்துக் காருகுறிச்சி அருணாசலத்தை இரண்டாம் நாயனமாக வைத்துக்கொண்டார். அருணாசலம் குருவின் வழியைப் பக்கத்தில் நின்று உறிஞ்சி, பிறகு தனி மேளம் வைத்து, 1962-இல் ‘கொஞ்சும் சலங்கை’ படத்தில் எஸ். ஜானகியின் குரலோடு கைகோத்து வாசித்துத் தமிழ்நாடு முழுவதும் பெயர் வாங்கினார். 1964-இல் அவரும் போய்விட்டார். ஆலிவருக்குப் பக்கத்தில் ஆர்ம்ஸ்ட்ராங் நின்ற மாதிரிதான் இதுவும். அங்கே அதைச் சரித்திரமாக எழுதி வைத்தார்கள். நாம் துணுக்காகச் சொல்லிவிட்டு விட்டுவிட்டோம்.

ராஜரத்தினத்தின் தோடி இரண்டு பக்க இசைத்தட்டாக வந்தது. வீதியில் மணிக்கணக்காக விரிந்த ராகம், பக்கத்துக்கு மூன்று நிமிஷமும் சொச்சமுமாகச் சுருங்கிக்கொண்டு அதில் இருக்கிறது. அதைக் கேட்கிறபோது எனக்கு முதலில் தோன்றுவது, அவருக்கு அவசரமே இல்லை என்பது. நேரம் குறைவு என்று தெரிந்த மனுஷன் ஓடவில்லை. காந்தாரத்தை அசைக்காமல் தோடி கிடையாது. துளை போட்ட மரத்தில் அந்த அசைவை விரலும் உதடும் மூச்சும் ஒன்றாகக் கூடித்தான் எடுக்க வேண்டும். அவர் அதைச் சாவகாசமாக எடுக்கிறார், எதிரே ஒரு இரவு முழுவதும் பாக்கி இருக்கிற மாதிரி. அந்தச் சாவகாசம் அவருக்கு வீதி கற்றுக்கொடுத்தது. ஸ்வாமி புறப்பாட்டில் மல்லாரி முடிந்து, வீதி திரும்பினதும் மேளம் நிற்கும். ராகம் ஆரம்பமாகும். மூலைக்கு மூலை ஜனம் மாறும், ராகம் மாறாது. நாயனம் சற்று ஓயும்போது தவில் பேசும். அது ஓயும்போது இரண்டாம் நாயனம் எடுக்கும். இப்படி ஆறு பேர் தோள் கொடுத்ததனால் வந்த நிதானம் அது. இசைத்தட்டில் ஒருவர் வாசிப்பதுபோல் கேட்கிறது. உண்மையில் அந்த நிதானத்துக்குப் பின்னால் ஒரு மேளமே நிற்கிறது.

லண்டன் பிள்ளைகள் மூன்று நிமிஷத் தட்டைக் கேட்டுவிட்டு ஒரு கூட்டத்தைக் கட்டினார்கள். நாம் மூன்று நிமிஷத் தட்டைக் கேட்டுவிட்டு ஒரு மனிதருக்குப் படம் மாட்டினோம். என் அபிப்பிராயத்தில் வித்தியாசம் அவ்வளவுதான். ராஜரத்தினம் நாகஸ்வரத்துக்காக மேடையைக் கேட்டார். நாம் மேடையை ராஜரத்தினத்துக்குக் கொடுத்தோம். அவர் போனதும் மேடையைத் திரும்ப வாங்கிக்கொண்டோம். இன்றைக்கும் சபைகளில் நாகஸ்வரத்துக்கு மங்கள இசை என்று ஆரம்பத்தில் ஓர் இடம் உண்டு. ஜனங்கள் காபி சாப்பிட்டுவிட்டு வந்து உட்காரும் வரையில் வாசிக்கலாம். அந்த இடத்தில் வாசிப்பவர் எந்த ஊர், தவில் யார் என்று கேட்பார் இல்லை.

ஒத்தின் இடத்தைச் சுருதிப்பெட்டி பிடித்துக்கொண்டது. செலவுக்குப் பயந்து இரண்டாம் நாயனத்தையும் இரண்டாம் தவிலையும் நிறுத்திவிட்டவர்கள் அநேகம். பல கோயில்களில் தீபாராதனைக்கு மின்சாரத்தில் ஓடும் முரசு இயந்திரம் மணியோடு சேர்ந்து இடிக்கிறது. அதற்குச் சம்பளம் இல்லை, கோபமும் வராது. தம்பூராவை வைத்துக்கொண்டு ஒத்தை விலக்கிய ராஜரத்தினத்திடமிருந்து இதெல்லாம் ஆரம்பமாயிற்று என்று யாராவது சொல்லக்கூடும். அவர் செய்தது சுருதி சுத்தத்துக்காக. நாம் செய்தது சிக்கனத்துக்காக. இரண்டையும் ஒரு கணக்கில் எழுதக் கூடாது.

நல்ல செய்தி ஒன்றும் உண்டு. நரசிங்கம்பேட்டை நாகஸ்வரத்துக்கு 2022-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆச்சா மரத்தைக் கடைந்து குழல் செய்யும் ஆசாரிகளின் ஊருக்கு அரசாங்க முத்திரை விழுந்தது சந்தோஷம்தான். ரங்கநாதன் ஆசாரியின் பெயரை ராஜரத்தினத்தின் பெயருக்குப் பக்கத்தில் வைத்துச் சொல்ல அது ஒரு சந்தர்ப்பம். குழலுக்கு முத்திரை கிடைத்துவிட்டது. அதைச் சுற்றி நிற்க வேண்டிய ஐந்து பேருக்கு முத்திரை குத்த எந்த அலுவலகமும் கிடையாது. அது ரஸிகர்கள் செய்ய வேண்டிய காரியம்.

கதை எழுதுகிறவர்களுக்கு இந்த விஷயம் விமர்சகர்களைவிட நன்றாகவே தெரிந்திருக்கிறது என்பதை இங்கே சொல்லத்தான் வேண்டும். கொத்தமங்கலம் சுப்புவின் ‘தில்லானா மோகனாம்பாள்’ நாவலையும், 1968-இல் ஏ. பி. நாகராஜன் எடுத்த படத்தையும் நினைத்துப் பாருங்கள். சண்முகசுந்தரம் என்ற நாயனக்காரனை நாம் நம்புவதற்குக் காரணம் அவனைச் சுற்றியிருக்கும் மேளம். பாலையா நடித்த முத்துராக்கு என்ற தவில்காரர் இல்லாவிட்டால் அந்தக் கதாநாயகன் வெறும் கோபக்காரனாக நின்றுவிடுவான். அவன் முரண்டு பிடிக்கும்போது சமாளிக்கிறவரும், விழும்போது தாங்குகிறவரும் அவர்தான். உபபாத்திரங்கள் இல்லாமல் நாயகன் நடமாட முடியாது என்பது கதைத் தொழிலின் பாலபாடம். சங்கீதத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் அந்தப் பாடத்தை எடுத்துக்கொண்டால் நஷ்டம் ஒன்றும் வராது.

எங்கள் ஊர்ப் பெயரையும் சங்கீத உலகத்தில் ஒரு நாகஸ்வரம்தான் சொல்லிற்று. வேதாரண்யம் வேதமூர்த்தி என்றால் பழைய ரஸிகர்கள் தலையை ஆட்டுவார்கள். அவருக்குத் தவில் வாசித்தவர் யார், ஒத்துப் பிடித்தவர் யார் என்று கேட்டால் எத்தனை பேர் பதில் சொல்வார்கள்? வேதமூர்த்திக்கு மட்டும் அல்ல, நூற்றுக்கணக்கான மேளங்களுக்கும் இதே கதிதான். மேளத்தின் பெயர் மிஞ்சுகிறது, மேளம் மிஞ்சுவதில்லை.

ராஜரத்தினத்துக்குச் சிலையும் விழாவும் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. செய்கிறவர்கள் செய்யட்டும். ஆனால் அடுத்த முறை அவர் நினைவாக ஒரு கச்சேரி வைக்கிறவர்கள் இரண்டு காரியம் செய்யலாம். முழு மேளத்தை அழைக்கட்டும்: இரண்டு நாயனம், இரண்டு தவில், ஒத்து, தாளம். அழைப்பிதழில் ஆறு பேர் பெயரையும் ஒரே அளவு எழுத்தில் அச்சடிக்கட்டும். ஒத்துக்காரர் பெயர் அதில் வருகிற அன்றைக்குத்தான் ராஜரத்தினம் கேட்ட மேடை உண்மையில் நாகஸ்வரத்துக்குக் கிடைத்தது என்று சொல்ல முடியும்.